தட்டம்மை – ரூபெல்லா தடுப்பூசி: அம்மாக்கள் கேட்கும் கேள்விகள்

தமிழ்நாட்டில் புதன்கிழமை தடுப்பூசி நாள். கிராம சுகாதார செவிலியரான எனக்கு அன்று ஊசி போடுவதைவிடக் கேள்விகளுக்குப் பதில் சொல்வதில்தான் அதிக நேரம் போகும். போகட்டும். பெற்ற பிள்ளைக்குள் என்ன போகிறது என்று கேட்கிற அம்மாதான் அடுத்த ஊசிக்கும் தேதி தவறாமல் வருவார்.

எல்லாத் தடுப்பூசியையும் ஒரே பக்கத்தில் விளக்க முடியாது என்பதால் தட்டம்மை – ரூபெல்லா ஊசியை மட்டும் எடுத்துக்கொண்டேன். எங்கள் அட்டையில் எம்.ஆர். என்று எழுதியிருப்போம். தடுப்பூசி உடம்பில் எப்படி வேலை செய்கிறது, ஊருக்கு எப்படிக் காவலாகிறது, எங்கே தவறு நடக்கலாம் என்பதெல்லாம் இந்த ஒரு ஊசியை வைத்தே புரிந்துகொள்ளலாம்.

குப்பிக்குள் இருப்பது என்ன? மருந்தா, கிருமியா?

கிருமிதான். உயிருள்ள, ஆனால் வலுவிழந்த வைரஸ். 1954-ல் அமெரிக்காவின் பாஸ்டன் நகரில் தட்டம்மை வந்த டேவிட் எட்மன்ஸ்டன் என்ற பள்ளிச் சிறுவனிடமிருந்து ஜான் எண்டர்ஸின் ஆய்வுக்கூடத்தினர் வைரஸைப் பிரித்தெடுத்தார்கள். அதை ஆய்வுக்கூடத்தில் வெவ்வேறு செல்களில் மாற்றி மாற்றி வளர்த்தார்கள். கோழிக்கரு செல்களில் தலைமுறை தலைமுறையாக வளர்ந்த வைரஸ், மனித உடம்பில் நோயை உண்டாக்கும் பலத்தை இழந்துவிட்டது. அதன் உருவம் மட்டும் மாறவில்லை. 1963-ல் அமெரிக்காவில் தடுப்பூசிக்கு அனுமதி கிடைத்தது. இன்று புனேயில் தயாராகி நம் ஊருக்கு வரும் ஊசியில் உள்ள தட்டம்மை வைரஸும் அந்தச் சிறுவனிடமிருந்து எடுத்த வைரஸின் வழிவந்ததுதான்.

இது குப்பியில் காய்ந்த பொடியாக இருக்கும். போடுவதற்கு முன்னால், இதற்கென்றே கூட வரும் நீரை ஊற்றிக் கரைப்போம். பாதரசம் கலந்திருக்கிறதாமே என்று சிலர் பயப்படுகிறார்கள். இந்த ஊசியில் அது கிடையாது. பாதரசம் கலந்த பதப்படுத்தும் பொருளைச் சேர்த்தால் உள்ளே இருக்கும் வைரஸே செத்துவிடும், ஊசி வீணாகிவிடும்.

உடம்புக்குள் போனதும் என்ன நடக்கிறது?

வலுவிழந்த வைரஸ் சில நாட்கள் மெதுவாகப் பெருகும். வெள்ளையணுக்களில் ஒரு வகை அதைப் பிடித்து, நெறி கட்டும் இடங்களான நிணநீர்க் கணுக்களுக்குக் கொண்டு போகும். அங்கே கோடிக்கணக்கான அணுக்கள் காத்திருக்கின்றன. அவற்றில் இந்த வைரஸின் உருவத்துக்குப் பொருந்துகிற சில அணுக்கள் மட்டும் விழித்துக்கொண்டு பெருகுகின்றன. ஒரு பிரிவு, வைரஸைப் பிடித்து முடக்கும் எதிர்ப்பொருளைச் சுரக்கிறது, இன்னொரு பிரிவு வைரஸ் புகுந்த செல்களை அழிக்கிறது. வேலை முடிந்ததும் பெரும்பாலானவை மடிந்துபோகும். கொஞ்சம் மட்டும் நினைவணுக்களாகத் தங்கிவிடும், பல பத்தாண்டுகளுக்கு. பிறகு என்றாவது நிஜமான தட்டம்மை வைரஸ் நுழைந்தால், முதல் தடவை இரண்டு வாரம் எடுத்த வேலையை நினைவணுக்கள் சில நாட்களிலேயே முடித்துவிடும். நோய் தலைதூக்குவதற்குள் கதை முடிந்துவிடும்.

எம்.ஆர். ஊசி போட்ட அன்றே காய்ச்சல் வராததற்கும் இதுதான் காரணம். வைரஸ் பெருகுவதற்கு நாள் ஆகும் இல்லையா? அதனால் சில குழந்தைகளுக்கு ஒரு வாரம், பத்து நாள் கழித்து லேசான காய்ச்சலோ சிவந்த தடிப்போ வரலாம், தானாகவே போய்விடும். ஒன்றரை மாதத்தில் போடும், ஐந்து நோய்களுக்கான பென்டாவேலன்ட் ஊசி அப்படியல்ல. அதில் உயிருள்ள கிருமி இல்லை. கொல்லப்பட்ட கிருமியும் கிருமியின் பகுதிகளும் இருக்கின்றன, அவற்றை உடம்பு நன்றாகக் கவனிக்கும்படி செய்ய அலுமினிய உப்பும் சேர்த்திருக்கிறார்கள். அதனால் அன்று ராத்திரியே காய்ச்சல் அடிக்கும், தொடை வீங்கும். மறுநாள் பாதி அம்மாக்கள் எனக்கு போன் செய்வது அதற்காகத்தான்.

பிறந்ததுமே போட்டுவிட்டால் என்ன? ஏன் ஒன்பது மாதம்?

அம்மாவின் எதிர்ப்பொருள் கர்ப்பத்திலேயே குழந்தைக்குப் போய்விடுகிறது. முதல் சில மாதங்களுக்கு அது குழந்தையைக் காக்கும். அதே எதிர்ப்பொருள் தடுப்பூசி வைரஸையும் விட்டுவைக்காது. சீக்கிரமே ஊசி போட்டால், குழந்தையின் உடம்பு கற்றுக்கொள்வதற்கு முன்பே அம்மாவின் எதிர்ப்பொருள் அதை அழித்துவிடும். ரொம்பத் தள்ளிப்போட்டால் அந்தக் காப்பு தீர்ந்துபோய், நோய்க்கு முன்னால் குழந்தை வெறுங்கையோடு நிற்கும். தட்டம்மை குறைவாக உள்ள நாடுகளில் பன்னிரண்டு மாதம் வரை காத்திருக்க முடிகிறது. நம்மால் முடியாது. அதனால்தான் ஒன்பது மாதம் முடிந்ததும் போடுகிறோம். அன்றே வைட்டமின் ஏ திரவத்தின் முதல் தவணையும் வாயில் ஊற்றுவோம்.

இதில் ஒரு விஷயம் என் மனதை விட்டுப் போவதேயில்லை. அம்மாவின் காப்பு கரைந்துகொண்டே வரும், ஊசிக்கும் இன்னும் வயது ஆகியிருக்காது. ஒவ்வொரு குழந்தைக்கும் அப்படிச் சில மாதங்கள் உண்டு. அந்த மாதங்களில் அதைக் காப்பாற்ற சுற்றியுள்ளவர்களால் மட்டும்தான் முடியும்.

ஒன்பது மாதத்தில் போட்டாயிற்றே. ஒன்றரை வயதில் மறுபடியும் எதற்கு?

முதல் ஊசியின் பலம் குறைந்துவிடும், அதை ஏற்றத்தான் இரண்டாவது என்று பலரும் நினைக்கிறார்கள். அது இல்லை. ஒன்பது மாதத்தில் ஊசி போட்ட நூறு குழந்தைகளில் சுமார் 85 பேருக்குத்தான் எதிர்ப்புசக்தி உண்டாகும். மீதி 15 பேருக்கு அம்மாவின் எதிர்ப்பொருள் இன்னும் மிச்சம் இருந்திருக்கலாம், வேறு காரணமும் இருக்கலாம். அந்த 15 பேர் யார் என்று பார்த்தால் தெரியாது. உங்கள் குழந்தையும் அதில் ஒன்றாக இருக்கலாம். அதனால் 16 முதல் 24 மாதத்துக்குள் எல்லாருக்குமே இன்னொரு முறை போடுகிறோம். இரண்டும் போட்ட பிறகு நூறில் சுமார் 97 பேருக்குப் பாதுகாப்பு இருக்கும்.

"முதல் ஊசியே போதும் சிஸ்டர்" என்று சொல்கிறவர்களிடம் நான் கொஞ்சம் பிடிவாதமாகவே இருப்பேன். ஒன்றரை வயதில் குழந்தை ஓடியாடிக்கொண்டு ஆரோக்கியமாக இருக்கும், அம்மா வேலைக்குத் திரும்பியிருப்பார், அட்டை எங்கேயோ போயிருக்கும். அதிகமாகத் தவறிப்போவது இந்த இரண்டாவது ஊசிதான்.

என் பிள்ளைக்குப் போட்டுவிட்டேன். பக்கத்து வீட்டில் போடாவிட்டால் எனக்கென்ன?

தட்டம்மை காற்றில் பரவும். நோயாளி இருமிவிட்டுப் போன அறையில் இரண்டு மணி நேரம் வரை வைரஸ் காற்றில் தங்கியிருக்கும். எதிர்ப்புசக்தி இல்லாதவர்கள் நோயாளியுடன் நெருங்கிப் பழகினால், பத்தில் ஒன்பது பேருக்குத் தொற்றிக்கொள்ளும். யாருக்குமே எதிர்ப்புசக்தி இல்லாத ஊரில் ஒரு நோயாளி 12 முதல் 18 பேருக்குப் பரப்புவார் என்பது கணக்கு.

15 என்றே வைத்துக்கொள்வோம். இந்தப் 15 பேரில் 14 பேருக்கு எதிர்ப்புசக்தி இருந்தால், நோய் ஒருவருக்கு மட்டுமே போகும். அதற்கும் மேலே இருந்தால்தான் அது படிப்படியாக அணைந்துபோகும். 15-ல் 14 என்றால் 93 சதவீதம். ஊரில் குறைந்தது 95 சதவீதம் பேருக்கு இரண்டு ஊசியும் போட வேண்டும் என்று சொல்வது இதிலிருந்து வந்ததுதான். எங்கள் மேலதிகாரிகள் கண்டிப்புக்காகச் சொல்லும் எண் அல்ல அது.

பக்கத்து வீட்டில் போடாவிட்டால் முதலில் ஆபத்து அந்த வீட்டுப் பிள்ளைக்கு. அடுத்து, இரண்டு ஊசி போட்டும் எதிர்ப்புசக்தி உண்டாகாத, நூறில் அந்த மூன்று பேருக்கு. அப்புறம் ஏழு மாதக் கைக்குழந்தைக்கு, புற்றுநோய் சிகிச்சையில் இருப்பதால் உயிருள்ள ஊசி போட முடியாத பிள்ளைக்கு. கொரோனா காலத்தில் பல இடங்களில் ஊசிகள் தள்ளிப்போயின. 2022 கடைசியில் மும்பையிலும் கேரளத்தின் மலப்புரத்திலும் தட்டம்மை வேகமாகப் பரவியது. ஊசி போடாத பிள்ளைகள் எங்கே சேர்ந்திருக்கிறார்களோ, அந்தத் தெருவை இந்த வைரஸ் தவறவே விடாது.

ரூபெல்லா லேசான காய்ச்சல்தானே? அதுவும் ஆண் குழந்தைக்கு எதற்கு?

குழந்தைக்கு வந்தால் லேசானதுதான். கர்ப்பத்தின் முதல் மூன்று மாதத்தில் அம்மாவுக்கு வந்தால் கதையே வேறு. கருச்சிதைவு ஆகலாம். பிறந்தாலும் குழந்தைக்குக் கண்புரை, காது கேளாமை, இருதயக் கோளாறு வரலாம். 1941-ல் சிட்னியில் நார்மன் கிரெக் என்ற கண் மருத்துவர், கண்புரையோடு பிறந்த குழந்தைகள் ஏன் இத்தனை பேர் வருகிறார்கள் என்று யோசித்து அம்மாக்களிடம் விசாரித்தபோதுதான் இந்தத் தொடர்பு தெரியவந்தது. நம் ஊரில் மதுரை அரவிந்த் கண் மருத்துவமனை மருத்துவர்களும் இப்படிப் பிறந்த குழந்தைகளைப் பற்றி ஆராய்ந்திருக்கிறார்கள்.

ஆண் குழந்தைக்குப் போடுவது, அவன் பள்ளியிலிருந்து கொண்டுவந்து கர்ப்பமாக இருக்கும் சித்திக்கோ டீச்சருக்கோ கொடுக்காமல் இருக்கத்தான். ஆனால் கர்ப்பிணிகளுக்கு இந்த ஊசி போடக் கூடாது. ஊசி போட்டுக்கொண்ட பெண்கள் ஒரு மாதமாவது கழித்தே கருத்தரிக்க வேண்டும்.

அந்தக் காலத்தில் எல்லாருக்கும் அம்மை வந்து போனதே. இயற்கையாக வருவதுதான் நல்லது என்கிறார் மாமியார்.

மாமியார் பார்த்தது உண்மை. வந்து தப்பித்தவர்களுக்குத் தட்டம்மை மறுபடி வராது. தப்பிக்காதவர்கள் இன்று நம்மிடம் வந்து பேச முடியாது, அவ்வளவுதான்.

தட்டம்மை நிமோனியாவைக் கொண்டுவரும், கடுமையான வயிற்றுப்போக்கைக் கொண்டுவரும், வைட்டமின் ஏ குறைந்த பிள்ளைக்குக் கண்பார்வையைப் பறிக்கும். ஆயிரத்தில் ஒருவருக்கு மூளைக்காய்ச்சல் வரும். இது போதாதென்று இன்னொன்றும் செய்கிறது. மற்ற நோய்களுக்காக உடம்பு ஏற்கனவே சேர்த்து வைத்திருக்கும் நினைவணுக்களையும் அழிக்கிறது. 2019-ல் வெளியான ஒரு ஆய்வில், தட்டம்மைக்கு முன்னும் பின்னும் குழந்தைகளின் ரத்தத்தைப் பரிசோதித்தார்கள். அவர்களிடம் இருந்த பலவகை எதிர்ப்பொருள்களில் 11 முதல் 73 சதவீதம் வரை காணாமல் போயிருந்தது. அம்மை இறங்கிவிட்டது என்று தலைக்குத் தண்ணீர் ஊற்றிய பிறகும் அந்தப் பிள்ளை மாதக்கணக்கில் மாற்றி மாற்றி நோயில் விழுவதற்கு இதுவும் காரணம். ஊசியில் உள்ள வைரஸ் இந்த அழிவைச் செய்வதில்லை.

ஊசி போட்டுக் குழந்தைகள் இறந்ததாகக் கேள்விப்பட்டோமே?

பட்டிருப்பீர்கள். 2008 ஏப்ரலில் திருவள்ளூர் மாவட்டத்தில் தட்டம்மை ஊசி போட்ட அன்றே நான்கு குழந்தைகள் இறந்தார்கள். அந்தப் பெற்றோரின் துக்கத்தை எந்தப் புள்ளிவிவரத்தாலும் சின்னதாக்க முடியாது, ஆக்கவும் கூடாது. அதன் பிறகு கிராமத்துக்கே போய் ஊசி போடுவது நிறுத்தப்பட்டு, மருத்துவர் இருக்கும் ஆரம்ப சுகாதார நிலையங்களுக்கும் மருத்துவமனைகளுக்கும் தடுப்பூசி மாற்றப்பட்டது. தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பைப் பாருங்கள். எல்லா அடிப்படைத் தடுப்பூசியும் போட்ட குழந்தைகள் தமிழ்நாட்டில் 2005–06-ல் 81 சதவீதம், 2015–16-ல் 70 சதவீதம். இந்தச் சரிவுக்கு ஒரே காரணம் சொல்ல முடியாது. ஆனால் கூலி வேலைக்குப் போகும் அம்மாவுக்கு ஊசி இரண்டு பஸ் தூரம் தள்ளிப்போனால் என்ன ஆகும் என்பதை நாங்கள் நேரில் பார்க்கிறவர்கள். ஊர்ப்புற முகாம்கள் மறுபடி வந்தன. 2019–21 கணக்கெடுப்பில் 89 சதவீதம்.

பயம் இன்னும் மோசமாக முடிந்த இடம் ஒன்று உண்டு. பசிபிக் கடலில் சமோவா என்ற சின்னத் தீவு நாடு, மக்கள்தொகை சுமார் 2 லட்சம். 2018 ஜூலையில் அங்கே இதே வகை ஊசி போட்ட இரண்டு குழந்தைகள் சில நிமிடங்களில் இறந்தன. விசாரித்ததில், பொடியைக் கரைக்க நீருக்குப் பதிலாக, காலாவதியான தசைத் தளர்வு மருந்தைச் செவிலியர்கள் தவறாகக் கலந்தது தெரிந்தது. ஊசியில் குறையில்லை, கலந்ததில்தான் குறை. ஆனால் தடுப்பூசித் திட்டம் பல மாதம் நிறுத்தப்பட்டது, அந்த இடைவெளியில் வதந்தி நிரம்பியது. ஊசி போட்ட குழந்தைகள் மூன்றில் ஒரு பங்குக்கும் கீழே போனார்கள். 2019 கடைசியில் தட்டம்மை தீவுக்குள் வந்தது. 5,700-க்கும் மேற்பட்டவர்களுக்கு நோய், 83 சாவு. இறந்தவர்களில் பெரும்பாலோர் ஐந்து வயதுக்குட்பட்ட பிள்ளைகள். அந்த டிசம்பரில் அரசு இரண்டு நாள் நாட்டையே மூடியது. ஊசி போடாதவர்கள் இருக்கும் வீட்டு வாசலில் சிவப்புத் துணி கட்டச் சொன்னார்கள். செவிலியர்கள் அந்தத் துணியைப் பார்த்து வீடு வீடாக ஏறி இறங்கினார்கள்.

ஒரு தவறு இரண்டு உயிரைக் குடித்தது. அந்தத் தவறைத் திருத்தாமல் ஊசியையே விட்டுவிட்டது 83 உயிரைக் குடித்தது. பொடியைக் கரைக்கும்போது நான் யாரிடமும் பேசாமல் இருப்பதைப் பார்த்திருப்பீர்கள். கோபம் என்று நினைக்காதீர்கள்.

சரி, ஊசி நன்றாக இருக்கிறதா என்று எனக்கு எப்படித் தெரியும்?

கேளுங்கள், காட்டச் சொல்லுங்கள். குப்பியில் ஒரு சின்ன வட்டமும் அதற்குள் ஒரு சதுரமும் இருக்கும். சதுரம் வட்டத்தைவிட வெளிறி இருந்தால் ஊசி நல்ல நிலையில் இருக்கிறது. வெப்பம் பட்டால் சதுரம் கொஞ்சம் கொஞ்சமாகக் கருக்கும். வட்டத்தின் நிறத்துக்கு வந்துவிட்டால் அந்தக் குப்பியைத் தொடக் கூடாது. தயாரித்த இடத்திலிருந்து உங்கள் ஊர்வரை அதிக வெப்பம் படாமல் வந்ததா என்பதற்கு அந்தச் சதுரம்தான் சாட்சி.

கரைத்த நேரத்தைக் குப்பியின் மேல் எழுதியிருக்கிறோமா பாருங்கள். எம்.ஆர். குப்பியைக் கரைத்த நான்கு மணி நேரத்துக்குள் பயன்படுத்த வேண்டும், மீதியைத் தூக்கிப் போட வேண்டும். பதப்படுத்தும் பொருள் இல்லாததால் அதற்கு மேல் வைத்தால் வேறு கிருமி வளரும். சிரிஞ்ச் உங்கள் முன்னாலேயே உறையிலிருந்து எடுக்கப்பட வேண்டும். ஒருமுறை அழுத்தினால் மறுபடி இழுக்க முடியாத சிரிஞ்ச் அது. போட்டபின் அரை மணி நேரம் உட்காரச் சொல்வது, பத்து லட்சத்தில் ஒருவருக்கு வரக்கூடிய கடும் ஒவ்வாமைக்காக. அதற்கான அட்ரினலின் எங்கள் பெட்டியில் இருக்கும். கிளம்புவதற்கு முன், போட்டது எந்த ஊசி, என்ன தொந்தரவு வரலாம், வந்தால் என்ன செய்வது, அடுத்தது எப்போது என்று நாலும் சொல்லி அட்டையைக் கையில் கொடுக்க வேண்டும். சொல்லாவிட்டால் கேட்டு வாங்கிக்கொண்டு போங்கள்.

ஆட்டிசம் வரும் என்று வாட்ஸப்பில் வந்ததே?

1998-ல் ஆண்ட்ரூ வேக்ஃபீல்டு என்ற பிரிட்டிஷ் மருத்துவர் 12 குழந்தைகளை மட்டும் வைத்து எழுதிய கட்டுரையிலிருந்து தொடங்கிய பேச்சு அது. அதில் முறைகேடுகள் நிரூபிக்கப்பட்டு, 2010-ல் பத்திரிகை கட்டுரையைத் திரும்பப் பெற்றது. அதே ஆண்டு அவருடைய மருத்துவப் பதிவும் நீக்கப்பட்டது. 2019-ல் டென்மார்க்கில் 6,57,461 குழந்தைகளைப் பல ஆண்டுகள் தொடர்ந்து பார்த்து வெளியிட்ட ஆய்வில், ஊசி போட்டவர்களுக்கும் போடாதவர்களுக்கும் ஆட்டிசத்தில் வித்தியாசம் இல்லை. ஆட்டிசத்தின் அறிகுறிகள் வெளியே தெரியத் தொடங்குவதும் ஒன்று ஒன்றரை வயதில்தான், இரண்டாவது ஊசி போடுவதும் அப்போதுதான். அம்மாவுக்குச் சந்தேகம் வருவதில் தப்பில்லை. 2017 பிப்ரவரியில் தமிழ்நாட்டில் ஒன்பது மாதம் முதல் 15 வயது வரை எல்லாருக்கும் எம்.ஆர். ஊசி போட்ட முகாமிலும் இப்படிப்பட்ட வதந்திகளோடுதான் மல்லுக்கட்ட வேண்டியிருந்தது.

சளி பிடித்திருக்கிறது, தேதி வேறு தாண்டிவிட்டது. போடலாமா?

சளி, லேசான காய்ச்சல், வயிற்றுப்போக்கு எதுவும் தடையில்லை. கடுமையான காய்ச்சல் என்றால் மட்டும் குறைந்தபின் வாருங்கள். தேதி தாண்டினாலும் முதலிலிருந்து தொடங்க வேண்டியதில்லை, விட்ட இடத்திலிருந்து தொடரலாம். தாமதத்துக்குத் திட்டுவார்களோ என்று வராமல் இருந்துவிடாதீர்கள். அட்டை தொலைந்திருந்தாலும் வாருங்கள், எங்கள் பதிவில் இருக்கும்.

தனியாரில் போடுவது இதைவிட உசத்தியா?

அங்கே பெரும்பாலும் போடுவது, பொன்னுக்கு வீங்கிக்கும் சேர்த்த மூன்று நோய்த் தடுப்பூசி. தட்டம்மையைப் பொறுத்தவரை பாதுகாப்பு ஒன்றுதான். வசதி இருந்தால் போடுங்கள். கடன் வாங்கிப் போட வேண்டாம்.

பெரியம்மை ஒழிந்ததே, தட்டம்மையும் ஒழியுமா?

ஒழிக்க முடிகிற நோய்தான். மனிதர்களைத் தவிர வேறு உயிரிடம் இது தங்குவதில்லை, நல்ல தடுப்பூசியும் இருக்கிறது. ஆனால் பெரியம்மையைவிட இது கடினம். பெரியம்மை, கொப்புளம் தெரிந்த பிறகுதான் நன்றாகப் பரவும். நோயாளியைக் கண்டுபிடித்துச் சுற்றியுள்ளவர்களுக்கு ஊசி போட்டே அதை வளைத்துப் பிடித்தார்கள், 1980 மே மாதம் உலகச் சுகாதார மன்றம் ஒழிந்தது என்று அறிவித்தது. தட்டம்மையோ தடிப்பு தெரிவதற்கு நான்கு நாள் முன்பிருந்தே பரவத் தொடங்கிவிடும். நாம் போய்ச் சேர்வதற்குள் அது அடுத்த தெருவில் இருக்கும். முன்கூட்டியே எல்லாருக்கும் போட்டு வைப்பதைத் தவிர வழியில்லை.

இலங்கை அப்படிச் செய்தே 2019-ல் தட்டம்மையை நீக்கிய நாடு என்ற சான்றிதழ் பெற்றது. 2023-ல் அங்கே மறுபடி நோயாளிகள் வந்தார்கள். சான்றிதழ் வாங்கிய பிறகும் வருஷா வருஷம் பிறக்கும் குழந்தைகளுக்குப் போட்டுக்கொண்டே இருக்க வேண்டும். 1974-ல் உலகளாவிய தடுப்பூசித் திட்டம் தொடங்கியதிலிருந்து ஐம்பது ஆண்டுகளில் தடுப்பூசிகள் காப்பாற்றிய உயிர்கள் 15.4 கோடி என்று 2024-ல் கணக்கிட்டார்கள். அதில் ஏறக்குறைய அறுபது சதவீதம் தட்டம்மை ஊசி ஒன்றினால் மட்டும்.

தட்டம்மை போலத் தெரிகிறது. இப்போது என்ன செய்வது?

காய்ச்சலோடு இருமல், மூக்கொழுகல், கண் சிவப்பு, பிறகு முகத்திலிருந்து கீழ்நோக்கிப் பரவும் தடிப்பு என்றால் சந்தேகப்படுங்கள். வாசலில் வேப்பிலை கட்டுவதை நான் ஒருநாளும் தடுத்ததில்லை. கட்டுங்கள், பிள்ளை வீட்டோடு இருக்கிறது என்று ஊருக்குத் தெரிய அது நல்லதுதான். ஆனால் அதோடு நிறுத்தாமல் செவிலியருக்கோ ஆரம்ப சுகாதார நிலையத்துக்கோ உடனே தகவல் சொல்லுங்கள். அடுத்தடுத்த இரண்டு நாள் வைட்டமின் ஏ கொடுப்பார்கள், அது கண்ணையும் உயிரையும் காக்கும். பரிசோதனைக்கு ரத்தம் எடுப்பார்கள். தடிப்பு தோன்றிய நாளிலிருந்து நான்கு நாளாவது பள்ளிக்கும் அங்கன்வாடிக்கும் அனுப்பாதீர்கள், கைக்குழந்தையும் கர்ப்பிணியும் இருக்கும் வீட்டுக்குக் கூட்டிப் போகாதீர்கள். தாய்ப்பாலையும் சாப்பாட்டையும் குறைக்காதீர்கள், நிறையக் குடிக்கக் கொடுங்கள். மூச்சு வேகமாக வாங்கினாலோ, குடித்ததெல்லாம் வாந்தியாக வந்தாலோ, வலிப்பு வந்தாலோ, பிள்ளை எழுப்பினாலும் எழாமல் சோர்ந்து கிடந்தாலோ 108-ஐ அழையுங்கள், நடு ராத்திரியானாலும்.